நிமோனியாவைக் கண்டறிய: எக்ஸ்ரே முதலிலா, மூச்செண்ணிக்கை முதலிலா?

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் குறிஞ்சிப்பாடியிலோ பாகூரிலோ உள்ள ஒரு சிறு கிளினிக்கிற்குக் காய்ச்சலும் சளி இருமலுமாக வருபவருக்கு நிமோனியாவா, தானாகவே ஆறிவிடும் மூச்சுக்குழல் அழற்சியா என்பதை மருத்துவர் சில நிமிடங்களில் முடிவு செய்தாக வேண்டும். எக்ஸ்ரே எடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் நோயாளியைக் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ பேருந்தேற்றி அனுப்ப வேண்டியிருக்கும்.

எக்ஸ்ரேயின் பலம் பெரிது. பாதிப்பு நுரையீரலின் எந்த மடலில் (பகுதியில்), எவ்வளவு பரவியுள்ளது, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்பதை அது காட்டுகிறது. கதிர்வீச்சும் மிகக் குறைவு. ஆனால் நோயின் முதல் ஓரிரு நாட்களில் படத்தில் பாதிப்பு தெரியாமலே இருக்கக்கூடும் என்பதால், படத்தில் ஒன்றுமில்லை என்று நோயாளியை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவது ஆபத்தானது. கிருமி பாக்டீரியாவா வைரஸா என்பதையும் படம் உறுதியாகச் சொல்லாது.

மறுபுறம், ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுவதற்குச் செலவே இல்லை. ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்திற்கு 40, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 என்ற அளவை எட்டினால், அதை வேகமூச்சு என உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. பெரியவருக்கு மூச்சு 30ஐ எட்டுவது, மனக்குழப்பம், மேல் இரத்த அழுத்தம் 90க்குக் கீழே இறங்குவது ஆகியவை நோய் முற்றியதன் அடையாளங்கள். விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் கைகொடுக்கும். விரல் சில்லிட்டிருந்தால் அதன் அளவை நம்பக் கூடாது. நோய் முற்றிய அடையாளங்கள் தெரிந்தால் படத்துக்காகக் காத்திருக்காமல், ஜிப்மருக்கோ மாவட்ட அரசு மருத்துவமனைக்கோ உடனே அனுப்புவதே சரி.

உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனையில் அளவு லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் ஆன்டிபயாடிக் தவிர்க்கலாம், 100க்கு மேல் இருந்தால் கொடுக்கலாம் என்பது பிரிட்டனில் பரிந்துரைக்கப்பட்ட அளவுகோல். டைபாய்டிலும் எலிக்காய்ச்சலிலும் கூட இது ஏறும் என்பதால், நம் ஊர் மழைக்காலத்தில் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க நான் துணியமாட்டேன். நுரையீரல் அல்ட்ராசவுண்டு பழகிய கையில் மிகச் சிறந்தது. ஆயினும் அக்கருவிக்கு 1994ஆம் ஆண்டின் கருவின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி பதிவு வேண்டும்.

ஆகவே மூச்செண்ணிக்கையும் ஆக்சிமீட்டரும் ஸ்டெதாஸ்கோப்பும் முதலில் வர வேண்டும் என்பதே என் கருத்து. ஐயம் தீராதபோதும், மருந்து தொடங்கி மூன்று நாளாகியும் காய்ச்சல் தணியாதபோதும் எக்ஸ்ரே அவசியமாகிறது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், காசநோய் மிகுந்த நம் நாட்டில், எக்ஸ்ரேயோடு சளிப் பரிசோதனையையும் தள்ளிப்போடவே கூடாது. ஐம்பது வயதைக் கடந்த புகைபிடிப்பவருக்கு நிமோனியா குணமானாலும், உள்ளே கட்டி ஏதும் மறைந்திருக்கவில்லை என்று உறுதிசெய்ய, சுமார் ஆறு வாரம் கழித்து ஒரு படம் எடுக்கச் சொல்ல வேண்டும்.