சூட்டில் சாகும் இக்னிஷன் காயில்: எந்தச் சோதனையை நம்பலாம்?

பிரஷ் கட்டரோ செயின்சாவோ ஒரே இழுப்பில் கிளம்பி, 20 நிமிடம் ஒழுங்காக ஓடிவிட்டுத் திடீரென நின்றுவிடும். சூடு ஆறும்வரை எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் அசையாது. ஆறியபின் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். பிளக்கில் பொறி வரத் தேவையான உயர் வோல்டேஜைத் தரும் இக்னிஷன் காயில் போகத் தொடங்கியதன் அறிகுறி இது. ஆனால் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டாலும் இப்படியேதான் நடக்கும். உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. ஆகவே நின்றதும் மூடியைத் தளர்த்திவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். கிளம்பினால் காயிலைத் தொட வேண்டாம்.

கிளம்பவில்லையா? எஞ்சினை நிறுத்தும் சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் கில் வயரை முதலில் கழற்றுங்கள். அந்த வயர் எங்கேயாவது தோல் உரிந்து பாடியில் பட்டாலே ஸ்பார்க் வராது. இதைப் பார்க்காமல் நல்ல காயிலைத் தூக்கி எறிந்தவர்கள் ஏராளம். கழற்றியபின் இயந்திரம் ஓடத் தொடங்கினால் சுவிட்ச் அதை நிறுத்தாது. சோக்கை மூடித்தான் நிறுத்த வேண்டும்.

எல்லோரும் செய்வது, பிளக்கைக் கழற்றி அதன் உடலை எஞ்சினில் ஒட்டவைத்துக் கயிற்றை இழுப்பது. செலவில்லை, ஒரு நிமிட வேலை. ஸ்பார்க் அறவே இல்லையென்றால், வேறொரு நல்ல பிளக்கை மாட்டியும் இல்லையென்றால், இந்தச் சோதனை சொல்வதை ஏற்கலாம். ஸ்பார்க் தெரிந்தால்தான் ஏமாற்றும். பிளக்கின் இடைவெளி 0.6 மி.மீ. அளவுதான், திறந்த காற்றில் அதைத் தாண்ட மெலிந்த காயிலுக்கும் தெம்பு இருக்கும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியதும் அதே இடைவெளிக்குப் பல மடங்கு வோல்டேஜ் தேவை. அங்கே தோற்றுப்போகும். இன்னொன்று: பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே அடிக்கும், அதன் அருகே பொறி விட்டால் தீப்பிடிக்கும். துளையைத் துணியால் அடைத்து, பிளக்கைத் தள்ளி வையுங்கள்.

இடைவெளியைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் இந்தக் குறையைத் தீர்க்கிறது. 4 முதல் 5 மி.மீ. வைத்து வேகமாக இழுங்கள். நீலநிறப் பொறி ஒவ்வொரு சுற்றுக்கும் பளிச்சென்று தாண்டினால் காயில் பலமாக இருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில் மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் சந்தேகம் வலுக்கிறது. குளிர்ந்தபோது ஒருமுறை, சூட்டில் நின்ற உடனே ஒருமுறை என இரண்டையும் ஒப்பிட்டால்தான் பயன்.

வயருக்கும் பிளக்குக்கும் நடுவே மாட்டும் விளக்கு டெஸ்டர் ஸ்பார்க்கின் பலத்தைச் சொல்லாது. ஆனால் விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. மாட்டியபடியே ஓட்டிக்கொண்டு, சாகும் நொடியில் விளக்கைக் கவனியுங்கள். சுற்று குறைவதற்கு முன்பே விளக்கு அணைந்தால் குற்றம் இக்னிஷனில். எஞ்சின் இருமி இறங்கும்போதும் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் கார்புரேட்டர் பக்கம் போங்கள்.

மல்டிமீட்டரைப் பலரும் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை. 20 கிலோ ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிளக் தொப்பிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கிலும் மற்றதைக் காயிலின் இரும்புத் தகட்டிலும் தொட்டால், பல காயில்களில் சில ஆயிரம் ஓம் காட்டும். சரியான அளவு அந்த மாடலின் கையேட்டில்தான் இருக்கும். தொப்பிக்குள் ரெசிஸ்டர் இருந்தால் அதுவும் கூடிவரும். முடியைவிட மெல்லிய செம்புக்கம்பி சூட்டில் விரிந்து, ஏற்கெனவே விட்டுப்போன இடத்தில் பிரியும். ஆறியதும் மறுபடி தொட்டுக்கொள்ளும். அதனால் குளிர்ந்த காயிலை அளந்தால் கச்சிதமான எண் வரும். மீட்டரை மாட்டியபடியே ஹேர் டிரையரால் சூடேற்றுங்கள். எண் தாவினாலோ சர்க்யூட் அறுந்ததாகக் காட்டினாலோ காயில் போய்விட்டது. எண் அசையாவிட்டாலும் காயில் நல்லது என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் பகுதி சூட்டில் கெட்டுப்போவதை ஓம் மீட்டர் காட்டாது.

ஆக, மீட்டர் 'கெட்டது' என்றால் நம்பலாம், 'நல்லது' என்றால் நம்பக்கூடாது. கையில் ஒரே ஒரு கருவிதான் இருக்கலாம் என்றால் விளக்கு டெஸ்டரைத்தான் எடுக்கச் சொல்வேன்.

நல்ல காயிலை மாற்றிப் பார்ப்பது உறுதியான வழிதான், ஆனால் கடைசியில். அதற்குமுன் ஃப்ளைவீல் சாவி, அதாவது காந்தம் பதித்த சுழல் சக்கரமான ஃப்ளைவீலைத் தண்டில் சரியான நிலையில் பிடித்திருக்கும் சிறு உலோகத் துண்டு, வெட்டுப்பட்டிருக்கிறதா பாருங்கள். வெட்டுப்பட்டால் ஸ்பார்க் பலமாக இருந்தும் நேரம் தவறும், கயிறு கையை உதறும். மாற்றும்போது ஃப்ளைவீலின் காந்தத்தைக் காயிலுக்கு நேராகக் கொண்டுவந்து, இடையே 0.3 மி.மீ. ஃபீலர் கேஜோ (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அந்தத் தடிமனுள்ள விசிட்டிங் கார்டோ செருகி, திருகுகளைத் தளர்த்துங்கள். காந்தமே காயிலை இழுத்து அமர்த்திக்கொள்ளும். இறுக்கிவிட்டு அட்டையை உருவி, ஃப்ளைவீலைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்தபின் கில் வயரைத் திரும்ப மாட்டுங்கள்.