ஃபீனிக்ஸ், சான் டியேகோ, டாம்பா: வெயில் ஊரைத் தேடிக் குடியேறுவோருக்கு ஓர் ஒப்பீடு

அமெரிக்காவுக்குக் குடிபெயரும் குடும்பங்களில் பலவற்றுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போய்ச் சேர்கிறார்கள். ஆனால் நிறுவனமே இரண்டு மூன்று கிளைகளைச் சொல்லி விருப்பம் கேட்கும்போதும், ஒன்றுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கும்போதும், பனியையும் நீண்ட குளிர்காலத்தையும் தவிர்க்க நினைப்பவர்கள் தெற்கிலும் மேற்கிலும் உள்ள வெயில் நகரங்களின் பக்கம் பார்வையைத் திருப்புகிறார்கள். அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ், கலிஃபோர்னியாவின் சான் டியேகோ, புளோரிடாவின் டாம்பா ஆகிய மூன்றும் அப்போது அடிக்கடி பேச்சில் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு இம்மூன்றில் எது பொருந்தும் என்று ஆராயும்போது, வெயில் எத்தனை மணி நேரம் அடிக்கிறது என்பதைக் கடைசிக் கேள்வியாகவும், முதல் வேலை போய்விட்டால் அதே ஊரில் அடுத்த வேலை கிடைக்குமா என்பதை முதல் கேள்வியாகவும் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெயிலின் அளவு மட்டுமே கணக்கு என்றால் முடிவு எளிது. அமெரிக்காவிலேயே அதிக வெயில் பெறும் நகரம் அரிசோனாவின் தென்மேற்கு மூலையில் உள்ள யூமா. பகல் நேரத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு அங்கே வெயில் அடிக்கிறது. ஆனால் மென்பொருள் பொறியாளர்களோ செவிலியர்களோ குடும்பத்துடன் யூமாவை நோக்கித் திரளாகப் போவதில்லை. டாம்பாவுக்கு எதிரே, விரிகுடாவின் மறுகரையில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் 1967-இல் தொடங்கித் தொடர்ந்து 768 நாட்கள் சூரியனைக் கண்டதாகக் கின்னஸ் சாதனையே வைத்திருக்கிறது. அதே பகுதியில் கோடைக்காலத்தில் பெரும்பாலான நாட்களில் பிற்பகலானால் இடியும் மின்னலும் கூடிய மழை கொட்டுகிறது. ஒரு நாளில் சிறிது நேரம் சூரியன் தென்பட்டாலும் அது வெயில் நாள் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், இத்தகைய எண்கள் அங்கே வாழ்வது எப்படி இருக்கும் என்பதை அதிகம் சொல்வதில்லை.

மூன்று ஊர்களின் வெயிலும் தன்மையில் வெவ்வேறானவை. ஃபீனிக்ஸில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. காற்றில் ஈரம் இல்லாததால் அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அதைவிட இனிமையான வானிலையைக் காண்பது கடினம். சான் டியேகோவின் கடற்கரையோரம் ஆகஸ்டு மாதத்தில்கூட 25 அல்லது 26 டிகிரி செல்சியஸுக்கு மேல் பெரும்பாலும் ஏறுவதில்லை. சனவரிப் பகல் 18, 19 டிகிரியில் நிற்கிறது. டாம்பாவில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, மே முதல் அக்டோபர் வரை காற்று ஈரத்தால் கனத்துக் கிடக்கிறது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வளர்ந்த ஒருவருக்கு மூன்றில் இதுவே பழகிய காலநிலை. பழகியது என்பதாலேயே அதைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு, அதில் தவறும் இல்லை.

சான் டியேகோவைப் பற்றிப் புதியவர்கள் அறியாத ஒன்று உண்டு. மே, சூன் மாதங்களில் குளிர்ந்த கடல்நீரின் மேல் உருவாகும் தாழ்வான மேகப்படலம் கரையை மூடிக்கொள்கிறது. லா ஹோயா போன்ற கடற்கரைப் பகுதிகளில் நண்பகல் வரை, சில நாட்களில் மாலை வரைகூட, சூரியனைப் பார்க்க முடியாது. வெயிலுக்காகவே அதிக வாடகை கொடுத்துக் கடலோரம் குடியேறியவர்கள் அந்த மாதங்களில் ஏமாற்றம் அடைகிறார்கள். அரை மணி நேரம் உள்நாட்டுக்குள் காரில் சென்றால் போவே, எஸ்கொண்டிடோ, எல் கஹோன் ஆகிய ஊர்களில் நல்ல வெயில் கிடைக்கும். ஆனால் அங்கே கோடை வெப்பமும் காட்டுத்தீ அச்சமும் கூடவே வருகின்றன.

ஃபீனிக்ஸின் கோடையை அதன் இனிய குளிர்காலத்தைக் காட்டி மறைத்துவிட முடியாது. 2023-ஆம் ஆண்டு சூன் 30 தொடங்கி 31 நாட்கள் இடைவிடாமல் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் அங்கே வெப்பம் பதிவானது. பகல் வெப்பத்தைவிடக் கவலைக்குரியது இரவுதான். அதே சூலையில் 16 நாட்கள் தொடர்ந்து, விடியற்காலையில்கூட வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. தார்ச் சாலைகளும் கான்கிரீட்டும் பகலில் வாங்கிய சூட்டை இரவு முழுவதும் வெளியிட்டன. அந்த ஆண்டு ஃபீனிக்ஸ் அடங்கிய மரிகோபா கவுண்டியில் (கவுண்டி என்பது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வெப்பம் தொடர்பான இறப்புகள் 645 என்று கவுண்டியின் பொதுச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. இறந்தவர்களில் வீடற்றவர்கள் அதிகம். வீட்டுக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோரின் வீடுகளில் குளிர்சாதனம் இருந்தும் இயங்கவில்லை. நம் ஊர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு பொருட்டா என்று கேட்பவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் எனக்குக் கவலையே உண்டாகிறது. ஃபீனிக்ஸில் வாடகை வீடு பார்க்கப் போகிறவர் சமையலறையைப் பார்ப்பதற்கு முன் குளிர்சாதன இயந்திரத்தின் வயதையும், கடைசியாக அது எப்போது பழுது பார்க்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். வாடகை வீட்டில் குளிர்சாதனம் பொருத்தப்பட்டிருந்தால் அது அறையை 28 டிகிரி செல்சியஸுக்காவது குளிர்விக்க வேண்டும் என்று நகர விதியே இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் அந்த உரிமையை அறிந்திருப்பது நல்லது.

பெற்றோரை ஆறு மாதம் அழைத்து வைத்துக்கொள்ளத் திட்டமிடும் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள முதியவர்கள் சூன் முதல் செப்டம்பர் வரை ஃபீனிக்ஸில் விடிவதற்கு முன்பு மட்டுமே நடைப்பயிற்சி செய்ய முடியும். இதோடு, அரிசோனாவின் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை புழுதியோடு நுரையீரலுக்குள் புகுந்து உண்டாக்கும் பள்ளத்தாக்குக் காய்ச்சலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அது சளிக்காய்ச்சல் போல வந்து போய்விடுகிறது. நீரிழிவு நோயாளிகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். பெற்றோரின் வருகையை அக்டோபரிலிருந்து மார்ச்சு வரை வைத்துக்கொண்டால் வெப்பத்தின் சிக்கல் தீர்ந்துவிடும். சான் டியேகோவில் இப்படி மாதம் பார்க்க வேண்டிய தேவையே இல்லை; வீட்டில் முதியவர்கள் நிரந்தரமாக இருப்பார்கள் என்றால் நான் வேறு எதையும் ஒப்பிடாமல் சான் டியேகோவையே சொல்வேன்.

இனி வேலை. வெளிநாட்டு வல்லுநர்களுக்கான தற்காலிக வேலை விசாவான எச்-1பி-யில் இருப்பவர் வேலையை இழந்தால் வேறு நிறுவனத்தைத் தேடிக்கொள்ளவோ, விசாத் தகுதியை மாற்றிக்கொள்ளவோ, நாட்டைவிட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாட்கள்தான். அந்த 60 நாட்களில் பிள்ளைகளின் பள்ளியை மாற்றாமல், வாடகை ஒப்பந்தத்தை முறிக்காமல் அதே ஊரில் மறுவேலை கிடைப்பது ஒரு குடும்பத்தின் நிம்மதியையே தீர்மானிக்கிறது. இந்தக் கணக்கில் ஃபீனிக்ஸ் மற்ற இரண்டையும்விட முன்னே நிற்கிறது. ஃபீனிக்ஸின் புறநகரான சாண்ட்லரில் சில்லுகளைத் தயாரிக்கும் இன்டெல் நிறுவனம் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. நகரின் வடக்கே தைவானின் டிஎஸ்எம்சி அமைத்த சில்லு ஆலை 2024-இன் இறுதியில் உற்பத்தியைத் தொடங்கியது. வங்கிகளின் பெரிய தொழில்நுட்ப அலுவலகங்களும், மருத்துவமனைக் குழுமங்களும், அருகிலுள்ள டெம்பியில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அரைக்கடத்தித் துறையில் ஓர் ஆலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது அங்கே வீடு மாறாமலே நடக்கிறது.

சான் டியேகோவில் கைபேசிச் சில்லுகளை வடிவமைக்கும் குவால்காம் இருக்கிறது, மரபணு ஆய்வுக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற இலுமினா இருக்கிறது, சால்க் ஆய்வு நிறுவனமும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கிளையும் இருக்கின்றன. உயிரியல் ஆய்வாளர் ஒருவருக்கு இம்மூன்று ஊர்களில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் வேலை விளம்பரங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இங்கே ஏமாறக்கூடும். சான் டியேகோ கடற்படை நகரம். அதன் பொறியியல் வேலைகளில் கணிசமான பகுதி பாதுகாப்புத் துறையையும் அதன் ஒப்பந்த நிறுவனங்களையும் சார்ந்தது. அவற்றில் பலவற்றுக்கு அமெரிக்கக் குடியுரிமையும் பாதுகாப்பு அனுமதியும் தேவை. விசாவில் இருப்பவருக்குத் திறந்திருக்கும் கதவுகள் பட்டியலில் தெரிவதைவிடக் குறைவு. டாம்பாவிலும் மக்டில் விமானப்படைத் தளத்தைச் சுற்றி இதே நிலை உண்டு. மற்றபடி அங்கே வங்கி, நிதிச் சேவை, மருத்துவம் ஆகியவற்றில் நல்ல வேலைகள் இருக்கின்றன. செவிலியர்களும் மருத்துவர்களும் கணக்காளர்களும் தாராளமாக யோசிக்கலாம். வன்பொருள் பொறியாளருக்கு மறுவேலை அங்கே எளிதில் அமையாது.

வரியை வைத்து டாம்பாவுக்குப் போகிறவர்கள் பலர். புளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது. அரிசோனாவில் எல்லோருக்கும் ஒரே விகிதமாக 2.5 விழுக்காடு, கலிஃபோர்னியாவில் வருமானம் கூடக்கூட விகிதமும் ஏறி 13.3 வரை போகிறது. அரிசோனாவுக்கும் புளோரிடாவுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாடு சிறியது. அதற்காக ஊரை மாற்றுவது பொருந்தாது. டாம்பாவில் மிச்சப்படும் வரிப்பணம் வீட்டுக் காப்பீட்டில் கரைந்துபோவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலின் புயல் டாம்பா பகுதியில் கரையைக் கடக்காமலே அந்த விரிகுடாவின் தாழ்வான பகுதிகளைக் கடல்நீரால் நிரப்பியது. இரண்டு வாரம்கூடக் கழியாத நிலையில், அக்டோபர் 9 அன்று மில்டன் புயல் சற்றுத் தெற்கே சியஸ்டா கீயில் கரையைக் கடந்தது. புளோரிடாவில் வீட்டுக் காப்பீட்டுக் கட்டணம் நாட்டின் மிக உயர்ந்த கட்டணங்களில் ஒன்று. வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்பதும் இல்லை. வெள்ளக் காப்பீட்டைத் தனியே எடுக்க வேண்டும், கூட்டரசுத் திட்டத்தில் எடுத்தால் பொதுவாக 30 நாட்கள் கழித்தே அது நடைமுறைக்கு வரும். புயல் அறிவிப்பு வந்த பிறகு எடுப்பதில் பயன் இல்லை.

வீடு வாங்க நினைப்பவர் அறிய வேண்டிய நுட்பமான செய்தி ஒன்று புளோரிடாவில் உண்டு. சொந்த வீட்டில் குடியிருப்போரின் சொத்து வரி மதிப்பீடு ஆண்டுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் ஏறாதபடி காக்கும் குடியிருப்புச் சலுகை அங்கே இருக்கிறது. ஆனால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை இல்லாத, தற்காலிக விசாவில் இருப்பவருக்குப் பொதுவாக அது கிடைப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் செலுத்தும் வரியைப் பார்த்துத் தன் வரியைக் கணித்துக்கொள்பவர் பெரிய வேறுபாட்டைச் சந்திப்பார். கலிஃபோர்னியாவில் 1978-இல் வாக்காளர்கள் வாக்களித்து ஏற்ற 13-ஆம் முன்மொழிவு என்னும் சட்டத்தின்படி, வாங்கிய விலையில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டை அடிப்படை வரியாக வைத்து, மதிப்பீடு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயராது. விசாவைப் பற்றிய கேள்வி அதில் எழுவதில்லை. அங்கே இருக்கும் தடை வீட்டின் விலைதான். ஒரே சம்பளத்தில் வாழும் குடும்பம் சான் டியேகோவில் வீடு வாங்குவது எளிதில் கைகூடாது. உள்நாட்டுப் பகுதிகளில் விலை சற்றுக் குறையும் இடத்தில் காட்டுத்தீக் காப்பீடு குறுக்கே வருகிறது. 2003-இல் சீடர் தீ 2,200-க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது, 2007-இல் விட்ச் தீ ராஞ்சோ பெர்னார்டோ குடியிருப்புகளுக்குள் நுழைந்தது. 2023-இல் மாநிலத்தின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டு நிறுவனமே புதிய வாடிக்கையாளர்களை ஏற்பதை நிறுத்தியது.

ஃபீனிக்ஸில் வீடு வாங்குபவர் தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டும். நகரின் நீரில் ஒரு பகுதி கொலராடோ ஆற்றிலிருந்து 540 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் வழியாகப் பாலைவனத்தைக் கடந்து வருகிறது. அந்த ஆற்றில் பற்றாக்குறை ஏற்படும்போது முதலில் வெட்டு விழும் மாநிலங்களில் அரிசோனா முன்னிலையில் இருக்கிறது. 2023-இல், நிலத்தடி நீரை மட்டுமே நம்பிப் புதிய குடியிருப்புகள் எழுப்புவதற்கு அனுமதி கொடுப்பதை ஃபீனிக்ஸ் சுற்றுவட்டாரத்தில் மாநில அரசு நிறுத்தியது. ஃபீனிக்ஸ், மேசா, சாண்ட்லர் போன்ற பழைய நகராட்சிகளுக்குப் பல நீராதாரங்கள் இருப்பதால் அங்கே உடனடி ஆபத்து இல்லை. விலை மலிவாக இருக்கிறது என்று வெகுதூரப் பாலைவன விளிம்பில் வாங்குபவர் மட்டும் நீர் உறுதிச் சான்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வந்திறங்கும் முதல் மாதங்களின் செலவிலும் மூன்றும் வேறுபடுகின்றன. கடன் வரலாறே இல்லாத புதியவரிடம் வீட்டுக்காரர்கள் கூடுதல் முன்பணம் கேட்பது வழக்கம். கலிஃபோர்னியாவில் 2024 சூலை முதல், சிறு உரிமையாளர்கள் நீங்கலாக, ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. அரிசோனாவில் வரம்பு ஒன்றரை மாதம். புளோரிடாவில் வரம்பே இல்லை. கார் வாங்கும்வரை சமாளிப்பதில் சான் டியேகோ சிறந்தது: 2021 நவம்பரில் நீட்டிக்கப்பட்ட நீலத் தடம் என்னும் இலகு ரயில் பாதை நகர மையத்தையும் பல்கலைக்கழகத்தையும் நேராக இணைக்கிறது. ஃபீனிக்ஸின் இலகு ரயில் டெம்பி, மேசா வரை போகிறது, ஆனால் சூலை வெயிலில் நிறுத்தத்தில் காத்திருப்பது தண்டனை. டாம்பாவில் நகர மையத்துக்கும் ஈபோர் சிட்டிக்கும் இடையே ஓடும் டிராமைத் தவிர நகருக்குள் ரயில் போக்குவரத்து இல்லை. ஊருக்குத் தொலைபேசியில் பேசும் நேரத்தைக் கணக்கிடுவோருக்கு ஒரு சிறு வசதி: அரிசோனாவின் பெரும்பகுதியில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் இந்தியாவுடனும் இலங்கையுடனும் ஆண்டு முழுவதும் பன்னிரண்டரை மணி நேர இடைவெளிதான்.

என் பரிந்துரை இதுதான். ஒரே வருமானத்தோடு, விசாவில், பள்ளிப் பிள்ளைகளுடன் வரும் பொறியாளர் குடும்பத்துக்கு ஃபீனிக்ஸின் கிழக்குப் பகுதியான சாண்ட்லரும் கில்பர்ட்டும் முதல் தெரிவு. கோடையின் கடுமையை அறிந்தே இதைச் சொல்கிறேன். இருவரும் சம்பாதிக்கும் குடும்பமாக இருந்தாலோ, துறை உயிரியலாக இருந்தாலோ சான் டியேகோ. அங்கே வாடகையிலேயே நெடுநாள் இருப்பதை ஏற்றுக்கொள்ளும் மனம் வேண்டும். மருத்துவத் துறையினருக்கும், நிரந்தரமாகத் தங்கும் உரிமை தரும் பசுமை அட்டை கைக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கும் டாம்பா நன்றாகப் பொருந்தும். கடல்மட்டத்திலிருந்து உயர்ந்த வடக்குப் புறநகரில், ஓராண்டாவது வாடகைக்கு இருந்து ஒரு புயல் பருவத்தைப் பார்த்த பின்பே வீடு வாங்க வேண்டும். முடிவெடுக்கும் முன் நேரில் பார்க்க முடிந்தால், ஃபீனிக்ஸுக்குச் சூலையிலும், சான் டியேகோவுக்குச் சூனிலும், டாம்பாவுக்குச் செப்டம்பரிலும் போங்கள். நிறுவனங்கள் பெரும்பாலும் பிப்ரவரியில் அழைத்துக் காட்டுகின்றன. அந்த மாதத்தில் மூன்று ஊர்களும் ஒன்றுபோலவே அழகாக இருக்கும்.