செங்கோட்டை ரத்தப் பரிசோதனை மையம்: கோபெப்டினுக்குப் போகலாம், ஏடிஎச்சுக்கு வேண்டாம்

புளியரை, ஆரியங்காவு, தென்மலை வரைக்கும் உள்ளவர்கள் வந்துபோகும் சேகரிப்பு மையம் இது. சர்க்கரை, தைராய்டுக்கு ரத்தம் எடுப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓயாத தாகத்துக்கும் ஓயாமல் போகும் சிறுநீருக்கும் டயாபடீஸ் இன்சிபிடஸ் என்ற நோய் காரணமா என்று பார்க்க மருத்துவர் ஏடிஎச் பரிசோதனை எழுதியிருந்தால் மட்டும் இங்கே கொடுக்காதீர்கள்.

ஏடிஎச், அதாவது வாசோபிரசின், மூளையின் ஹைப்போதலாமஸில் உருவாகி, சிறுநீர் அதிகம் போகாமல் காக்கும் ஹார்மோன். ரத்தத்தில் இருப்பதில் பெரும்பங்கு தட்டணுக்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். குழாய் வெளியே கிடந்தால் அது கசிந்து பிளாஸ்மாவில் சேர்ந்து அளவைப் பொய்யாக ஏற்றிவிடும். அதனால்தான் குளிர வைத்த ஊதா மூடிக் குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து, ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் 4 டிகிரியில் சீக்கிரமே சுற்றி, தட்டணு கலக்காத பிளாஸ்மாவை மட்டும் உறைய வைக்க வேண்டும். இங்கே உள்ள சென்ட்ரிஃபியூஜில் குளிர் வசதி கிடையாது. மாலை வண்டி வரும்வரை குழாய் தெர்மாகோல் பெட்டியில் ஜெல் ஐஸோடு கிடக்கிறது. அப்படி வந்த எண்ணை நம்பி வைத்தியம் செய்ய முடியாது.

கோபெப்டின் அப்படியல்ல. வாசோபிரசின் பிறக்கும் அதே மூலப் புரதத்திலிருந்து உடன்பிறப்பாக வெட்டுப்பட்டு வரும் 39 அமினோ அமிலத் துண்டு அது. சாதாரண அறை வெப்பத்திலும் சில நாள் கெடாது. மலைப்பாதை ஏறி இறங்கிப் போனாலும் தாங்கும். சிறுநீர் மிகுதியாகப் போகிறவருக்கு, தண்ணீர் குடிப்பதை நிறுத்தாமலே கோபெப்டின் லிட்டருக்கு 21.4 பிகோமோலைத் தாண்டினால் கோளாறு சிறுநீரகத்தில். அதற்குக் கீழே என்றால், ஆஸ்பத்திரியில் சேர்த்து, அடர் உப்புநீர் ஏற்றிச் செய்வது போன்ற சோதனை தேவைப்படும். வீட்டிலேயே தண்ணீரை நிறுத்திப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

ஒன்றைக் கவனியுங்கள்: குமட்டல் இந்த இரண்டையும் வெகுவாக ஏற்றிவிடும். தென்மலையிலிருந்து வளைவு வளைவாக பஸ்ஸில் வந்து தலை சுற்றுகிறதென்றால் அன்று ரத்தம் கொடுக்க வேண்டாம். காலையில் பீடி, சிகரெட்டும் கூடாது. மையத்தில் ஒரு பெஞ்சும் ஃபேனும் இருக்கின்றன; அரைமணி நேரம் உட்கார்ந்த பிறகே ஊசி போடச் சொல்லுங்கள்.

24 மணி நேரச் சிறுநீருக்கு இங்கே தரும் விளக்கம் தெளிவு. “அண்ணாச்சி, காலைல முதல்ல போறத ஊத்திட்டு மணியக் குறிச்சுக்கோங்க, மறுநாள் அதே மணிக்குப் போறதையும் கேன்ல சேத்துருங்க” என்று கவுன்டரில் இருக்கும் பெண் பொறுமையாகச் சொல்கிறார். மலம் கழிக்கும்போது போகிற சிறுநீரைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மொத்த அளவு குறைந்து கணக்கே தப்பிவிடும்.

ரத்தத்திலும் சிறுநீரிலும் கரைந்திருப்பவற்றின் செறிவைச் சொல்லும் ஆஸ்மோலாலிட்டி எழுதியிருந்தால், அது கருவியில் அளந்ததா என்று கேட்டு வாங்குங்கள். ரத்தத்துக்கு, சோடியத்தை இரட்டித்து, சர்க்கரையை 18-ஆலும் யூரியாவை 6-ஆலும் வகுத்துக் கூட்டிய கணக்கை அனுப்பிவிடுவதுண்டு. சிறுநீருக்கு அந்தக் கணக்கு செல்லாது.

சிறுநீர் பிடிக்கக் கொடுப்பது ஒரே ஒரு 2 லிட்டர் கேன். இந்த நோயில் ஒரு நாளில் 5 லிட்டர், 10 லிட்டர்கூடப் போகும். முதல் நாளே கூடுதல் கேன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகக் காசு வாங்குவதில்லை.