அல்மா பழகிப்போனாள், அந்த ஆபீஸ்தான் பழகவில்லை

ஃபியர் (F.E.A.R.) என்ற பேயும் துப்பாக்கிச் சண்டையும் கலந்த கம்ப்யூட்டர் விளையாட்டை நான் முதலில் ஆடியது 2007-இல், கல்லூரி விடுதியில். ஆடினேன் என்பதே கொஞ்சம் மிகைதான். அறையில் இருந்தது ஒரே ஒரு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். நாற்காலியில் ஒருவன், பின்னால் கட்டிலில் நாலு பேர். ஒருவன் செத்தால் மவுஸ் அடுத்தவன் கைக்குப் போகும். அந்தக் கூட்டத்தில் பேய் வந்து என்ன செய்துவிடும்? அந்தப் பேய்ச் சிறுமி அல்மா வந்தபோதெல்லாம் சிரித்தோம்.

அப்புறம் ஒரு விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போய்விட, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாக, முதலிலிருந்து ஆரம்பித்தேன். அன்று முக்கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அதற்குப் பின் இத்தனை வருடங்களில் ஆறு முறை முடித்திருக்கிறேன். எது நிலைத்தது, எது தேய்ந்துபோனது என்று இப்போது சொல்ல முடியும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2005 அக்டோபரில் வந்த கேம், செய்தது மோனோலித் புரொடக்‌ஷன்ஸ். நாம் பாயின்ட் மேன், ஒரு வார்த்தை பேசாத ஆள். எதிரே பாக்ஸ்டன் ஃபெட்டல். ரெப்ளிகா எனப்படும் குளோன் படையை மனத்தாலேயே இயக்குகிறவன், மனிதக் கறி தின்கிறவன். இந்த இருவரையும் சுற்றி ஆர்மகம் என்ற கம்பெனியின் பழைய பாவங்கள். நடுவில், சிவப்பு கவுன் போட்ட, முகத்தை முடி மறைத்த சிறுமி அல்மா.

அந்த ஏணியைப் பற்றி ஆடியவர்கள் எல்லோரும் பேசுவார்கள். கீழே இறங்க வேண்டும். ஏணியில் கால் வைக்கும்போது உடம்பு தானாகவே திரும்பும், வந்த வழி கண்முன் வரும். ஒரு நொடிக்கு முன் காலியாக இருந்த இடத்தில் அவள் நிற்கிறாள். துப்பாக்கியைத் தூக்க முடியாது, கை ஏணியில் இருக்கிறது. பதறிக் கீழே இறங்கித் திரும்பினால் அங்கே ஃபெட்டல் நின்று, சாம்பலாகக் கரைந்து போகிறான். நம் கையை ஏணியில் கட்டிப்போட்டுவிட்டு அப்புறம் பயமுறுத்துகிறார்கள், அதுதான் சாமர்த்தியம்.

ஆனால் பேய் தேயும். மூன்றாவது ஆட்டத்தில் ரேடியோ கரகரத்தாலே ‘சரி, ஏதோ வரப்போகிறது’ என்று தெரிந்துவிடுகிறது. ரயிலுக்கு முன்னால் வரும் ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி. இன்று அல்மா வந்தால் எனக்கு ஏதோ உறவுக்காரப் பெண்ணைப் பார்த்த உணர்வுதான்.

தேயாதது எதிரிகள். ஒரு மேஜைக்குப் பின்னால் பதுங்கி டார்ச்சைப் போட்டால், ‘டார்ச் வெளிச்சம்!’ என்று எங்கிருந்தோ ஒருவன் கத்துகிறான். ஒருவன் சுட்டுக்கொண்டே இருக்க, இன்னொருவன் அலமாரியைக் கவிழ்த்து மறைவு உண்டாக்குகிறான், மூன்றாமவன் ஜன்னல் வழியாகக் குதித்து என் முதுகுப் பக்கம் வருகிறான். அடுத்த முறை அதே அறை, அதே மூன்று பேர், ஆனால் வேறு சண்டை. இதை வடிவமைத்த ஜெஃப் ஆர்க்கின் 2006-இல் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் ஒரு கட்டுரை வாசித்தார். அதைப் படித்தபோது கொஞ்சம் ஏமாந்தது போலவும் கொஞ்சம் பிரமிப்பாகவும் இருந்தது. ‘சுற்றி வளை’ என்று ஒரு கட்டளையே அந்த வீரர்களுக்குக் கிடையாதாம். ஒவ்வொருவனுக்கும் சில இலக்குகளும் சில செயல்களும் உண்டு, அவற்றைக் கோத்து அவனவன் திட்டம் போட்டுக்கொள்கிறான். ஒளிந்திருக்கும் இடம் பாதுகாப்பில்லை என்றானதும் வேறு இடம் தேடி ஓடுகிறான். அந்த வேறு இடம் நம் பக்கவாட்டில் அமைந்துவிட்டால், சுற்றி வளைத்துவிட்டார்கள் என்று நாம் வியர்க்கிறோம். பேச்சும் அப்படித்தான். கடைசியாக மிஞ்சியவன் ‘கூடுதல் ஆட்களை அனுப்பு’ என்று கேட்பான், யாரும் அனுப்ப மாட்டார்கள். கொஞ்ச தூரம் நடந்தால் எப்படியும் நாலு பேர் இருப்பார்கள், அவர்கள்தான் வந்து சேர்ந்த ஆட்கள் என்று நாமே நினைத்துக்கொள்வோம். குட்டு தெரிந்த பிறகும் சுவருக்கு அப்பால் அந்தக் குரல்களைக் கேட்டால் எனக்கு மவுஸ் பிடித்த கை இறுகத்தான் செய்கிறது.

பதிலுக்கு நம்மிடம் ஸ்லோ மோஷன் இருக்கிறது. குண்டுகள் காற்றைக் கிழித்துப் போகும் தடம் தெரியும், சுவரிலிருந்து உதிர்ந்த தூசு அறை முழுக்க மிதக்கும். மூன்று ஆயுதங்கள்தான் எடுத்துக்கொள்ள முடியும். அதில் ஒரு இடம் எப்போதும் ஷாட்கன்னுக்கு, இதில் எனக்குச் சமரசமே இல்லை. ஆணி அடிக்கும் துப்பாக்கி ஒன்று உண்டு, அடிபட்டவனைச் சுவரோடு சேர்த்து அறைந்துவிடும். விடுதியில் அதற்குத்தான் சண்டையே நடக்கும்.

குறைகளும் நிறைய. டார்ச் சில நொடிகளிலேயே மங்கிவிடும், ராணுவக் கருவி என்கிறார்கள்! நார்ட்டன் மேப்ஸ் என்று தின்றுகொண்டே திரிகிற ஒரு ஆள், ஆறு முறையும் என் பொறுமையைச் சோதித்தான். 2009-இலும் 2011-இலும் வந்த அடுத்த பாகங்களை ஒருமுறை முடித்ததோடு சரி.

எல்லோரும் சொல்லும் பெரிய குறை, இடங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன என்பது. குடோன், காரிடார், ஆபீஸ், மறுபடியும் ஆபீஸ். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், நைட் ஷிஃப்ட் வேலைக்குப் போகும்வரை. ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் தளத்தில் ஆறு பேர்தான் இருப்போம். தடுப்பு வைத்த மேஜைகள், ஃபால்ஸ் சீலிங், ஏசியின் உறுமல், யாரோ பாதி குடித்து வைத்துப்போன காபி. ஒரு நாள் டீ குடிக்க எழுந்து போகும்போது, ஆளில்லாத ஒரு மேஜையில் போனின் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. கேமிலும் ஆர்மகம் ஆபீஸில் இதே விளக்குதான். அதைப் பார்த்துப் போய் அழுத்தினால் செத்தவர்களுக்கு வந்த செய்திகள் ஓடும், கதையின் பாதியே அதில்தான் இருக்கிறது. டீயை அன்று நான் சீட்டிலேயே வைத்துக் குடித்தேன்.

இப்போது வாங்கி ஆடுகிறவர்கள், புதிய விண்டோஸில் சிறிது நேரத்தில் கேம் திணறத் தொடங்கினால் கிராபிக்ஸ் கார்டைத் திட்ட வேண்டாம். ரசிகர்கள் எழுதிய சின்ன பேட்ச், அதாவது கோளாறைச் சரிசெய்யும் ஃபைல், இருக்கிறது, அதைப் போட்டதும் என் கம்ப்யூட்டரில் சரியாகிவிட்டது. ஒரு காலத்தில் நிழல்களின் விளிம்பை மென்மையாக்கும் சாஃப்ட் ஷேடோவை இயக்கினாலே விடுதிக் கம்ப்யூட்டர் படம் படமாகக் காட்டும். இன்று எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தாலும் ஃபேன்கூட வேகமெடுப்பதில்லை.

2025 பிப்ரவரியில் மோனோலித்தை மூடிவிட்டார்கள் என்ற செய்தி வந்த வாரம் ஆறாவது முறை ஆடினேன். ஆர்மகம் ஆபீஸில் இருவரை வீழ்த்தியாயிற்று. மூன்றாமவன் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று கூடுதல் ஆட்களைக் கேட்டுக்கொண்டிருந்தான். யாரும் வரமாட்டார்கள் என்று அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் எழுந்து போகாமல், போன் விளக்கு எரிந்து அணைந்துகொண்டிருந்த மேஜைக்குக் கீழே ஷாட்கன்னோடு உட்கார்ந்திருந்தேன்.