டிரஸ்டில் சேரும் முன்: ‘எதுவும் மாறாது’ என்பதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

2017 செப்டம்பர். இங்கிலாந்தில் பள்ளிகள் திறந்து சில நாட்களே ஆகியிருந்தன. அரசுப் பணத்தில் பல பள்ளிகளை நடத்திவந்த வேக்ஃபீல்ட் சிட்டி அகாடமிஸ் டிரஸ்ட் தன்னிடமிருந்த 21 பள்ளிகளையும் இனி நடத்த முடியாதென்று கைவிரித்தது. அடுத்த அதிர்ச்சி அதன் பிறகு வந்தது. சில பள்ளிகள் சிறுகச் சிறுகச் சேர்த்திருந்த லட்சக்கணக்கான பவுண்ட் முன்பே டிரஸ்டின் மையக் கணக்குக்குப் போயிருந்தது. ‘எங்கள் பணம்’ என்று பெற்றோர் கொதித்தார்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பள்ளிகளுக்கென்று தனிக் கணக்கே இல்லை.

பேரன்ட் கவர்னராக, அதாவது பள்ளி நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக இருப்பவர்களும், ‘பள்ளி டிரஸ்டில் சேரலாமா’ என்ற கலந்தாய்வுக் கடிதம் கைக்கு வந்திருக்கும் பெற்றோரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். பல பள்ளிகளை நடத்தும் ‘மல்டி அகாடமி டிரஸ்ட்’ என்பது ஒரே கம்பெனி. பள்ளி அதில் சேரும் நாளில் பழைய கவர்னர் குழு கலைந்துவிடும். அதன் பிறகு ‘உள்ளூர் கவர்னர் குழு’ என்று இருப்பது டிரஸ்ட் போர்டின் ஒரு துணைக்குழு மட்டுமே. அதற்கு என்ன அதிகாரம் என்பதை ‘ஸ்கீம் ஆஃப் டெலிகேஷன்’ என்ற ஆவணம் சொல்லும். அதைப் போர்டு தன் கூட்டத்திலேயே மாற்றி எழுதிக்கொள்ளலாம், உங்கள் ஒப்புதல் தேவையில்லை.

அதனால் இன்றைய பதிப்பை மட்டும் வாங்கிப் படித்தால் போதாது. கடந்த மூன்று நான்கு ஆண்டுகளின் பதிப்புகளையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைமையாசிரியரை நியமிப்பது யார், பட்ஜெட்டை அங்கீகரிப்பது யார் என்ற இரண்டு வரிகள் போதும். முதல் பதிப்பில் ‘அங்கீகரிக்கும்’ என்றிருந்தது பிறகு ‘கருத்துக் கூறலாம்’ என்று சுருங்கியிருந்தால், உங்களுக்கும் அதுதான் நடக்கும். பழைய பதிப்பைத் தர மறுக்கிறார்கள் என்றால், அந்த மறுப்பே பதில்.

அடுத்து பணம். மையச் சேவைகளுக்காக ஒவ்வொரு பள்ளியிடமும் டிரஸ்ட் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ‘டாப் ஸ்லைஸ்’ என்பார்கள். உதாரணத்துக்கு, ஆண்டுக்கு 20 லட்சம் பவுண்ட் வரும் பள்ளியில் 5 சதவீதம் என்றால் 1 லட்சம் பவுண்ட். சதவீதத்தைப் பார்த்துப் பேரம் பேசுவதைவிட, அதற்குள் என்னென்ன அடங்கும் என்று வரிவரியாகக் கேளுங்கள்: சம்பளப் பட்டுவாடா, மனிதவளம், சட்ட ஆலோசனை, ஐடி, கட்டடப் பராமரிப்பு. இவற்றுக்கு இப்போது கவுன்சிலிடம் (உள்ளாட்சி மன்றத்திடம்) எவ்வளவு கட்டுகிறீர்கள் என்ற கணக்கையும் எதிரே எழுதுங்கள். ஐடி தனிக் கட்டணம் என்பது கையெழுத்துக்குப் பிறகு தெரியவந்தால் பயனில்லை.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ‘பூலிங்’. எல்லாப் பள்ளிகளுக்கும் அரசு தரும் பொது ஆண்டு மானியத்தையும் ஒரே தொட்டியில் ஊற்றி டிரஸ்டே பங்கிடுவது. சட்டப்படி அனுமதி உண்டு. அநியாயம் என்று தோன்றினால் பள்ளியின் தலைமையாசிரியர் முதலில் டிரஸ்டிடமும் பிறகு கல்வி அமைச்சரிடமும் முறையிடலாம். ஆனால் தனக்குச் சம்பளம் தருபவர் மீது எத்தனை தலைமையாசிரியர் மேல்முறையீடு செய்வார்? இன்று பூலிங் இல்லை என்பது நாளைக்கு உத்தரவாதமும் அல்ல.

டிரஸ்டின் ஆண்டுக் கணக்கு ஆகஸ்ட் 31 வரையிலானது. தணிக்கை முடிந்து ஜனவரி 31க்குள் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். பளபளப்பான முன்பக்கங்களைத் தள்ளிவிட்டுப் பின்னால் உள்ள குறிப்புகளுக்குப் போங்கள். ‘மையச் சேவைகள்’ குறிப்பில் எந்தப் பள்ளி எவ்வளவு கட்டியது என்று இருக்கும். நிதிகள் பற்றிய குறிப்பில் மீதி பள்ளிவாரியாக இல்லாமல் ஒரே தொகையாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ‘தொடர்புடையோர் பரிவர்த்தனை’ குறிப்பில் டிரஸ்டிகளுக்கோ அவர்கள் குடும்பத்துக்கோ சொந்தமான கம்பெனிக்குப் போன பணம் தெரியும். ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களின் எண்ணிக்கையும் இணையதளத்தில் இருக்க வேண்டும்.

பெற்றோர் சங்கம் திரட்டிய பணம் பள்ளிக் கணக்கில் கிடந்தால் அதுவும் கூடவே போய்விடும் ஆபத்து உண்டு. சங்கத்தைத் தனி அறக்கட்டளையாகப் பதிந்து, தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். இதை மாற்றத்துக்கு முன்பே செய்ய வேண்டும்.

ஊழியர்கள், நிறுவனம் கைமாறும்போது அவர்களைப் பாதுகாக்கும் ‘டியூபி’ (TUPE) விதிகளின்படி இப்போதைய நிபந்தனைகளோடே மாறுவார்கள். புதிதாகச் சேருபவர்களுக்கு அது பொருந்தாது. நிலம் கவுன்சிலுடையது என்றால் பொதுவாக 125 ஆண்டுக் குத்தகை, அதுவும் டிரஸ்டின் பெயரில்தான்.

பிடிக்கவில்லை என்றால் வெளியே வரலாமா? முடியாது. பள்ளி தானாக விலக வழியில்லை, கவுன்சிலிடம் திரும்பவும் முடியாது. அரசுடன் டிரஸ்ட் செய்துகொள்ளும் மாதிரி நிதி ஒப்பந்தத்தின்படி அதை முடித்துக்கொள்ள டிரஸ்டே ஏழு ஆண்டு முன்னறிவிப்புத் தர வேண்டும். டிரஸ்ட் நொடித்தால் வேறொரு டிரஸ்டுக்கு மாற்றுவார்கள், எதற்கு என்று முடிவு செய்வது நீங்கள் அல்ல.

கவர்னர் குழுவின் வாக்கெடுப்புக்கு முன் ஒரு வேலை பாக்கி. அந்த டிரஸ்டில் மூன்று ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த பள்ளி ஒன்றின் தலைமையாசிரியரை நீங்களே தேடிப் பிடியுங்கள். டிரஸ்ட் கைகாட்டும் பள்ளி வேண்டாம். ‘கடைசியாக ஒரு டீச்சிங் அசிஸ்டென்டை வேலைக்கு எடுக்க யாரிடம் ஒப்புதல் கேட்டீர்கள், எத்தனை நாள் ஆனது?’ என்று மட்டும் கேளுங்கள்.