ரப்பரா, பி.வி.சி.யா, நியோபிரீனா: நெல்லைச் சீமைக்கு எந்தக் கம்பூட்?

மூன்று வகைக் கம்பூட் (முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை வருகிற, தண்ணீர் புகாத பூட்) இப்போது நம் பக்கம் வாங்கக் கிடைக்கிறது. உரக்கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் தொங்குகிற பி.வி.சி. (பிளாஸ்டிக்) பூட் ஒன்று. கொஞ்சம் தேடினால் கிடைக்கிற அசல் ரப்பர் பூட் இரண்டாவது. மூன்றாவது, ஆன்லைனில் ‘வேட்டை பூட்’ என்று விற்கிற நியோபிரீன் (செயற்கை நுரைரப்பர்) பூட். நான் பல வருடம் பி.வி.சி. போட்டவன், பிறகு ரப்பருக்கு மாறி அதிலேயே இருக்கிறேன். அதனால் இந்த அலசல் ரப்பர் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதற்கான காரணத்தைத்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

முதலில் ஒன்று. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை என்பது கிடையாது. நமக்கு இருப்பது காவல். 1988-இல் களக்காடு, முண்டந்துறை சரணாலயங்களைச் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அதன் அடிவாரத்தில் வாழையோ நெல்லோ வைத்திருக்கிற எல்லோருக்கும் ராத்திரிக் காவல் தெரியும். காட்டுப்பன்றி ஒரு தடவை இறங்கினால் வாழைக் கிழங்கைக் கிண்டிச் சாய்த்துவிட்டுப் போய்விடும். வேட்டைக்காரன் நடக்கிற மாதிரியேதான் காவல்காரனும் நடக்கிறான்: இருட்டு, ஈரம், புதர், உடைமரத்து முள், பாம்பு. அதனால் வேட்டைக்காக யோசித்துச் செய்த பூட் நமக்கு ஒத்துவருமா என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

அதற்குப் பதில் சொல்ல நம் வருடம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். ஜூன் வாக்கில் பாபநாசம் அணையைத் திறந்தால் கார் சாகுபடி (முதல் போக நெல்). மேற்கே தென்மேற்குப் பருவமழை. நமக்குச் சாரலும் காற்றும், வரப்பில் எப்போதும் ஒரு ஈரம். அக்டோபரில் பிசானம் (இரண்டாம் போக நெல்) தொடங்கும்போது வடகிழக்குப் பருவமழை கொட்டும், வாய்க்கால் நிரம்பும், வாழைத்தோட்டத்து ஊடுபாதையில் தண்ணீர் நிற்கும். மார்கழி, தையில் மழை ஓய்ந்து பனி. விடியற்காலை புல்லில் நடந்தால் முழங்கால் வரை நனையும். அறுவடை முடிந்ததும் கோடை. தரை வெடிக்கும், பூட்டுக்கு வேலை இருக்காது. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் அது ஏதாவது ஒரு மூலையில் கிடக்கும். இந்தக் கிடப்புதான் பூட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது என் கணக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நியோபிரீனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். குளிர்நாடுகளில் பனிக்கட்டியிலிருந்து பாதத்தைக் காக்க, 3.5 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் என்று கனம் சொல்லி விற்கிற சரக்கு அது. உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழிகள் இருப்பதால் சூடு வெளியே போகாது. நம் சமவெளியில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அந்தச் சூட்டை அடைத்துவைத்து நாம் என்ன செய்ய? என் மச்சான் ஒரு ஜோடி வாங்கினார். அதை ஒரு பருவம் முழுக்க நான் போட்டதில்லை, சில ராத்திரிகள் போட்டுப் பார்த்தேன். கெண்டைக்காலை இதமாகப் பிடித்துக்கொள்கிறது, நடக்கும்போது ‘சளக் சளக்’ சத்தம் இல்லை. அது உண்மையிலேயே நல்ல விஷயம். ஆனால் அரை மணி நேரத்தில் உள்ளே வியர்வை ஊறிவிட்டது. இன்னொன்று, குளிர்நாட்டு வேட்டைக்காரர்கள் ரப்பரும் நியோபிரீனும் விரும்புவதற்கு ஒரு காரணம் மனித வாடை. தோல் பூட் வாடையைப் பிடித்து வைத்துத் தரையில் விட்டுவிடும், மான் மோப்பம் பிடித்து ஓடிவிடும். நமக்கோ பன்றி மோப்பம் பிடித்து ஓடினால் அதுவே லாபம். மாஞ்சோலை மாதிரி உயரத்தில், குளிரும் அட்டையும் உள்ள இடத்தில் இருப்பவர்களுக்கு இது உதவலாம். கீழே இருப்பவர்களுக்கு அந்த விலைக்கு நியாயம் இல்லை.

மீதி இருப்பது பி.வி.சி.யும் ரப்பரும். இதில் பி.வி.சி.க்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். விலை குறைவு, ரப்பர் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வரும். எங்கேயும் கிடைக்கும். டீசல், மண்ணெண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும், பி.வி.சி. அதைவிட நன்றாகத் தாங்கும். துணி லைனிங் இல்லாத பி.வி.சி. பூட்டை உள்ளே கழுவித் துடைத்தால் உடனே காய்ந்துவிடும். அதனால்தான் மருந்தடிக்க மட்டும் நான் இன்றைக்கும் பி.வி.சி.தான் போடுகிறேன். துணி லைனிங்கில் மருந்து ஊறினால் அது போகவே போகாது, அடுத்த தடவை காலோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். மருந்தடிக்கும்போது பேண்டை பூட்டுக்கு வெளியே விட வேண்டும், இல்லையென்றால் வழிகிற மருந்து நேரே பூட்டுக்குள் இறங்கும். காவலுக்குப் போகும்போது இதற்கு நேர் எதிர்: பேண்டை உள்ளே சொருகிக்கொள்ள வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் சொல்கிறேன்.

சரி, அப்புறம் ஏன் ரப்பர்? ஓட்டை அடைக்கலாம் என்பதால்.

நம் பக்கம் பூட் ஓட்டையாவது பெரும்பாலும் உடைமுள்ளால். ஓடை ஓரம், குளத்துக்கரை, வேலி எல்லாம் உடைமரம்தான். பூட்டின் அடிப்பாகம் கனமாக இருப்பதால் அங்கே முள் முறிந்து நின்றுவிடும். பக்கவாட்டிலும், கணுக்காலுக்கு மேலேயும் குத்தினால் உள்ளே வந்துவிடும். ஒரு ஊசித்துளை போதும், வாய்க்காலில் இறங்கிய நிமிஷமே சாக்ஸ் நனைந்துவிடும். பிறகு ராத்திரி முழுக்க ஈரக்காலோடு நடை, நாலு நாளில் விரலிடுக்கில் சேற்றுப்புண்.

ரப்பர் பூட் என்றால் சைக்கிள் பஞ்சர் கடையில் இருக்கிற சாமானே போதும். டியூபும் ரப்பர், பூட்டும் ரப்பர், அந்த சொல்யூஷன் இரண்டையும் பிடிக்கும். பூட்டை நன்றாகக் கழுவி உலர்த்தி, உள்ளே தண்ணீர் ஊற்றிக் கசிகிற இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டு, மறுபடி ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். ஈரம் துளி இருந்தாலும் பிடிக்காது. பளபளப்புப் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை காத்திருந்து பேட்ச்சை வைத்து அழுத்தித் தட்ட வேண்டும். பொறுமையில்லாமல் ஈரப்பதத்திலேயே ஒட்டினால் ஓரம் தூக்கிவிடும். எங்கள் ஊர் பஞ்சர் கடை அண்ணாச்சி, “டியூபை விட இது லேசு தம்பி, உள்ளே காத்து அழுத்தம் கிடையாதுல்லா” என்றார். சரியாகத்தான் சொன்னார். மடிப்பு விழாத இடத்தில் போட்ட பேட்ச் பூட் இருக்கும்வரை இருக்கும். கணுக்கால் மடிகிற இடத்தில் போட்டது அவ்வளவு நாள் தாங்காது, திரும்பப் போட வேண்டிவரும்.

பி.வி.சி.யில் இதே வேலை நடக்காது. சைக்கிள் சொல்யூஷன் அதில் பிடிக்காமல் தோலாக உரிந்துவரும். பைப் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவினால் முதலில் பிடித்த மாதிரி இருக்கும், ஆனால் காய்ந்ததும் விறைத்து, நடக்க நடக்க வெடித்துவிடும். சூடு வைத்து உருக்கி ஒட்டித் தருகிறவர்கள் உண்டு. கெண்டைக்காலை மூடுகிற மேல்குழாய்ப் பகுதியில் அது நிற்கும், கீழே நிற்பதில்லை. ஆகவே பி.வி.சி. பூட்டில் முள் ஏறினால் பெரும்பாலும் அதோடு அந்த ஜோடி முடிந்தது. முள்ளுக்காட்டில் நடக்கிறவருக்கு இரண்டு மடங்கு விலை என்பது இந்த இடத்தில் நேராகிவிடுகிறது.

அடுத்தது கோடைக் கிடப்பு. பி.வி.சி. என்பது இயல்பில் விறைப்பான பொருள், தண்ணீர் பைப் மாதிரி. அதை இளக்க ஒரு எண்ணெய்ப் பதமான ரசாயனம் சேர்க்கிறார்கள். வெக்கையில் அந்த இளக்கி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். பம்புசெட் ரூம் தகரக் கூரைக்கு அடியில் மூன்று மாதம் கிடந்த பி.வி.சி. பூட்டை ஆனியில் எடுத்து மடக்கிப் பாருங்கள், முன்னைவிட விறைத்திருப்பது கைக்கே தெரியும். இப்படிக் கோடைக்குக் கோடை விறைத்து, ஒரு நாள் கணுக்காலில் குறுக்கே கோடு விழுந்து பிளந்துவிடும். போன இளக்கியை யாராலும் திரும்ப ஏற்ற முடியாது.

ரப்பருக்கும் எதிரி உண்டு, மறைக்கவில்லை. வெயிலும் ஓசோனும். காற்றில் கொஞ்சம் ஓசோன் எப்போதும் இருக்கிறது, பொறி பறக்கிற மோட்டார், வெல்டிங் இருக்கிற இடத்தில் கூடுதல். இழுபட்டு நிற்கிற ரப்பரை அது குறிபார்த்து வெட்டும். பூட்டை மடித்து மூலையில் திணித்தால் மடிப்பின் வெளிப்பக்கம் இழுபட்டு நிற்கும், அந்த இடத்தில் மயிரிழை வெடிப்புகள் வரும். மடிக்காமல் நேராக நிறுத்திவைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. இதுதான் வித்தியாசம்: பி.வி.சி.யின் கேடு வெக்கையிலிருந்து வருகிறது, நெல்லைச் சீமையில் வெக்கையை நாம் என்ன செய்ய முடியும்? ரப்பரின் கேட்டைப் பெருமளவு நம் கையாலேயே தடுக்கலாம்.

நான் செய்வது இதுதான். பிசான அறுவடை முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவி, நிழலில் கவிழ்த்துக் காயவைக்கிறேன். தரையில் ஊன்றிய இரண்டு மூங்கில் குச்சிகள், அவற்றின் மேல் பூட்டைத் தலைகீழாக மாட்டினால் காற்று உள்ளே போகும். காய்ந்தபின் பழைய தினத்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, சாக்கில் போட்டு வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் நிறுத்திவிடுவேன். பம்புசெட் ரூமில் வைப்பதில்லை. டீசல் கேன் பக்கத்திலும் வைப்பதில்லை.

ரப்பரின் பெரிய குறை சாரல் காலத்தில் தெரியும். துணி லைனிங் வியர்வையில் நனைந்தால் ஆனி, ஆடிக் காற்றில்கூட முழுசாகக் காய ஒரு ராத்திரி போதாது. வெயிலில் வைக்கவும் கூடாது, அடுப்புப் பக்கம் வைக்கவும் கூடாது. தினத்தாளைத் திணித்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றினால் ஓரளவு சரியாகும். தினமும் போடுகிறவர்கள் இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸையாவது மாற்றி மாற்றிப் போடுங்கள். அப்படிச் செய்ய நேரமில்லாதவருக்கு லைனிங் இல்லாத பி.வி.சி.தான் காலுக்கு நல்லது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

தொளி அடித்த (உழுது சேறாக்கிய) வயலுக்குள் எந்த பூட்டும் ஆகாது. சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், கால் வெளியே வரும், பூட் உள்ளேயே நிற்கும். நடவுக்கு வெறுங்கால்தான். காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் அதை ஆற்றிக்கொண்டு இறங்க வேண்டும், எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாகத்தான் ஏறுகிறது. பூட்டுக்கு உரிய இடம் வரப்பு, வாய்க்கால், மடை திறக்கிற வேலை, வாழைத்தோட்டம், காவல்.

பாம்பைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் நம் பக்கம் உண்டு. வயலில் கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் விழும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கிற பூட் அந்த இடத்தை மூடுகிறது. ஆனால் கண்ணாடி விரியனுக்குப் பல் நீளம். பூட் போட்டிருக்கிறோம் என்று டார்ச் லைட் இல்லாமல் நடக்கக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போட்டு நேரத்தை வீணாக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பூட்டை மாட்டுமுன் கவிழ்த்து உதறுவதும் கட்டாயம், தேள் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். அப்புறம், ரப்பர் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் ஈரத்தில் நின்று ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். மின்சாரத்துக்கென்று சோதித்த பூட் வேறு, இது வேறு.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிறகு இன்னொன்றும் என் மனதில் நிற்கிறது. ஓடுகிற தண்ணீரில் முழங்காலுக்கு மேல் ஏறினால் பூட் நிரம்பிவிடும், காலைத் தூக்க முடியாது. வாய்க்கால் வேகமாக ஓடும்போது இறங்க வேண்டியிருந்தால் பூட்டைக் கரையிலேயே கழற்றிவிடுங்கள். உதறினால் கழன்றுவிடுகிற அளவு தளர்வு இருப்பது நல்லது. சாக்ஸோடு போட்டுப் பார்த்து, குதிகால் லேசாக எழும்புகிற அளவை வாங்குங்கள். ரொம்பத் தளர்ந்தால் கெண்டைக்காலில் உரசித் தோல் வழன்றுவிடும்.

கடையில் எல்லாவற்றையும் ரப்பர் பூட் என்றுதான் எடுத்துப் போடுவார்கள். ரப்பர் பூட்டுக்கு ஐ.எஸ். 5557, பி.வி.சி.க்கு ஐ.எஸ். 12254 என்று தரக்குறியீடு இருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பக்கத்தில் பாருங்கள். முத்திரை இல்லையென்றால் கையால் பார்க்கலாம். அச்சில் ஊற்றிய பி.வி.சி.யில் முன்னும் பின்னும் நேராக ஒரு அச்சுக்கோடு ஓடும். ரப்பர் பூட்டில் பெரும்பாலும் துண்டு துண்டாக ஒட்டிய ஓரங்கள் தெரியும், மோந்தால் புது டயர் வாசனை வரும், கணுக்காலை மடக்கினால் மெத்தென்று மடங்கும். கடை வாசலில் வெயில் படத் தொங்குகிற ஜோடியை எடுக்காதீர்கள், உள்ளே பெட்டியில் இருப்பதைத் தரச் சொல்லி, மேல்குழாயை விரித்துப் பிடித்து மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.