புது போன், பழைய சிம்: நாலு கம்பெனியில் யாருக்கு எது?

போன் மாற்றுகிற வாரத்தில்தான் பலருக்கும் ‘அப்படியே சிம்மையும் மாற்றிவிட்டால் என்ன?’ என்று தோன்றுகிறது. கடைக்காரரைக் கேட்டால் தனக்குக் கமிஷன் எதில் கூடுதலோ அதைச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் தான் வைத்திருப்பதைச் சொல்வார். உங்கள் கையில் இருப்பது என்ன போன் என்று இருவருமே கேட்கமாட்டார்கள். ஆனால் நெட் நன்றாக வருகிறதா இல்லையா என்பதில் பெரும்பங்கு அந்த போனுக்கு உண்டு. ஒரே வீட்டில், ஒரே கம்பெனி சிம்மில், அக்கா போனில் வீடியோ ஓடும். தம்பி போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் போனையும் சிம்மையும் ஜோடியாக வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். விலைகள் பெரும்பாலும் 2024 ஜூலை உயர்வையொட்டி வந்தவை. இடையிடையே மாற்றிக்கொண்டே இருப்பார்கள், எனவே பணம் கட்டும் முன் அந்தந்த ஆப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த போனுக்கு எந்த டவர்

ஜியோவிடம் 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. 2016 செப்டம்பரில் வந்தபோதே 4ஜி மட்டும்தான். பேசுவதுகூட வோல்ட்டி (4ஜி நெட் வழியாகவே பேசும் முறை) வழியாகத்தான். ஏர்டெல் 2020-இல் 3ஜிக்கு மூடுவிழா நடத்திவிட்டு 2ஜியை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. வோடஃபோன் ஐடியா, அதாவது இன்றைய ‘வி’, அதுவும் 2ஜியைக் கைவிடவில்லை. பி.எஸ்.என்.எல் ரொம்ப காலம் 3ஜியிலேயே ஓட்டியது. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில்தான் 4ஜி என்று காத்திருந்து, டி.சி.எஸ், தேஜஸ், சி-டாட் கூட்டணியின் கருவிகளோடு 2025 செப்டம்பர் 27 அன்று முறைப்படி தொடங்கியது.

இதிலிருந்தே முதல் முடிவு வந்துவிடுகிறது. வீட்டில் பாட்டி பழைய பட்டன் போனைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றால் அதில் ஜியோ சிம் வேலை செய்யாது. 4ஜி பட்டன் போன் வாங்கித் தர வேண்டும், அல்லது மற்ற மூன்றில் ஒன்றைப் பார்க்க வேண்டும். குடும்பத்தோடு மொத்தமாக ஜியோவுக்கு மாறுகிறவர்கள் இந்த ஒரு போனை மறந்துவிட்டு, அப்புறம் கடைக்கு ஓடுவதைப் பார்க்கலாம்.

5ஜியில் கதை வேறு. ஜியோ, 4ஜியைச் சாராமல் தனியாக நிற்கும் 5ஜி வலையமைப்பைக் கட்டியது. அதற்கு 3500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையோடு 700 மெகாஹெர்ட்ஸையும் வைத்திருக்கிறது. ஏர்டெல், இருக்கிற 4ஜியின் மேலேயே 5ஜியை ஏற்றித் தொடங்கியது. இந்தியாவில் 2022 அக்டோபரில் 5ஜி வந்த பிறகு இங்கே விற்பனைக்கு வந்த போன்களில் பெரும்பாலும் இரண்டுமே எடுக்கும். சிக்கல் அதற்கு முந்தைய ஆரம்பகால 5ஜி போன்களில்தான். ‘ஸ்டாண்ட்அலோன்’, அதாவது ஜியோவின் அந்தத் தனி 5ஜியைப் பிடிக்கும் வசதி, இல்லாத போன் என்றால் ஏர்டெலில் 5ஜி காட்டும், ஜியோவில் 4ஜியோடு நின்றுவிடும். வி மும்பையில் 2025 மார்ச்சில்தான் 5ஜியைத் தொடங்கி, ஊர் ஊராக விரித்துக்கொண்டு போகிறது. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் வந்துவிட்டதா என்று பார்க்காமல் 5ஜிக்காக வி எடுக்க வேண்டாம்.

700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரமாகப் போகும், சுவரைத் துளைத்து உள்ளே வரும். ஆனால் அதில் நிறைய டேட்டாவை ஏற்ற முடியாது. 3500-இல் வேகம் கொட்டும், ஆனால் இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டினால் களைத்துவிடும். மொட்டை மாடியில் 5ஜி பறப்பதும், படுக்கையறைக்குள் வந்ததும் 4ஜிக்கு இறங்குவதும் இதனால்தான். பி.எஸ்.என்.எல் 4ஜி 700, 2100 இரண்டிலும் வருகிறது. இந்த 700-ஐ எடுக்க போனில் ‘பேண்ட் 28’ இருக்க வேண்டும். பழைய 4ஜி போன்கள் பலவற்றில் அது இருக்காது. அப்படிப்பட்ட போனில் பி.எஸ்.என்.எல் போட்டுவிட்டு டவரே இல்லை என்றால், குறை டவரில் இல்லாமலும் இருக்கலாம்.

விலை குறைந்த போன்களில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நல்ல போன் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று அலைவரிசைகளைச் சேர்த்து இழுக்கும். சில மலிவு போன்கள் ஒன்றை மட்டும் பிடித்துத் தொங்கும். அக்காவுக்கும் தம்பிக்கும் உள்ள வித்தியாசம் பல வீடுகளில் இதுதான். விளம்பரத்தில் கேமரா மெகாபிக்ஸலைப் பெரிதாகப் போடுவார்கள். அலைவரிசைப் பட்டியல் கம்பெனி இணையதளத்தில் கடைசி வரியில் கிடக்கும். போன் வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்தக் கடைசி வரியைத்தான்.

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உறவினர் கொண்டுவரும் போன் தனி ரகம். வன்பொருள் எல்லாம் சரியாக இருந்தும், இங்குள்ள கம்பெனிகளின் வோல்ட்டிக்கான அமைப்பு அந்த நாட்டு மென்பொருளில் இல்லாமல் போகலாம். ஏர்டெலில் போட்டால் அழைப்பு 2ஜிக்கு இறங்கியாவது போகும். ஜியோவில் இறங்குவதற்கு இடமே இல்லை. நெட் வரும், பேச முடியாது. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14-ஆம் வரிசையிலிருந்து சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். மூன்று தனியார் கம்பெனிகளும் இ-சிம் தருகின்றன, பி.எஸ்.என்.எல்லும் 2025-இல் தொடங்கிவிட்டது. ஆனால் அவசரத்துக்குச் சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுகிற வசதி போய்விடும். பரிசாக வரும் போன்தானே என்று வாங்கிவைக்கும் முன் இதை யோசியுங்கள்.

நாலு பாயிண்ட் காட்டுது, ஆனா நெட் வரலை

டவர் இருக்கிறதா என்பதற்கு இப்போது ஒரு நல்ல வழி இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி 2025 ஏப்ரல் முதல் ஒவ்வொரு கம்பெனியும் தன் இணையதளத்தில் கவரேஜ் வரைபடம் வைக்க வேண்டும். உங்கள் தெருவில் 2ஜி, 4ஜி, 5ஜி எது இருக்கிறது என்று வண்ணத்தில் தெரியும். ஆனால் அது வீட்டுக்கு வெளியே உள்ள கணக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளறையின் நிலவரத்தை வரைபடம் சொல்லாது.

உள்ளறை நிலவரத்தை அறிய உங்கள் கையிலுள்ள போனே போதும். போனின் மேல் ஓரத்தில் தெரியும் பாயிண்ட்டை நம்பாதீர்கள். எத்தனை பாயிண்ட் காட்டுவது என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், ‘அபௌட் போன்’ பகுதியில் சிம் நிலை என்பதைத் திறந்தால் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாகத் தெரியும். மைனஸ் 85-க்குப் பக்கத்தில் இருந்தால் அருமை. மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம். மைனஸ் 115-ஐத் தொட்டால் அழைப்பு அறுந்து அறுந்து வரும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். தலையணை வைக்கும் இடத்திலும், அலுவலகத்தில் நாற்காலி இருக்கும் இடத்திலும் இதைப் பார்த்துவிட்டால் நாடு முழுக்க எத்தனை சதவீத மக்களைச் சென்றடைகிறோம் என்று கம்பெனி சொல்லும் கணக்கு நமக்குத் தேவையே இல்லை.

எண் நன்றாக இருந்தும் நெட் நகரவில்லையா? அப்போது டவரில் கூட்டம். இதைக் காலை பதினொரு மணிக்குச் சோதித்துப் பயனில்லை. இரவு எட்டிலிருந்து பத்துக்குள், தெருவே வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் சோதிக்க வேண்டும். டிராயின் ‘மைஸ்பீட்’ ஆப்பே இதற்குப் போதும். பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவருக்கு, வீடியோ காலில் பிள்ளைகளோடு பேசுகிறவருக்கு, பதிவேற்ற வேகம்தான் முக்கியம். பதிவிறக்கம் 80 எம்பிபிஎஸ், பதிவேற்றம் 1 எம்பிபிஎஸ் என்று வரும் இடங்கள் உண்டு. அங்கே யூடியூப் ஓடும், கூட்டத்தில் உங்கள் முகம் உறைந்து நிற்கும்.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் டவர் கவலை பாதியாகக் குறையும். ஏர்டெல், ஜியோ இரண்டிலும் வைஃபை வழியாகவே அழைப்பு பேசும் வசதி 2020 வாக்கிலேயே வந்துவிட்டது. போனில் அதை இயக்கி வைக்காமல், ‘வீட்டுக்குள் பேசவே முடியவில்லை’ என்று கம்பெனி மாற்றுகிறவர்கள் நிறைய.

காசுக் கணக்கு

மாத ரீசார்ஜ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் 28 நாள். வருடத்துக்கு 13 முறை கட்டுகிறோம். எனவே விலையை அப்படியே ஒப்பிடாமல், ஒரு நாளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்.

தினம் 1.5 ஜிபி திட்டம் 28 நாளுக்கு ஜியோவில் ரூ.299, ஏர்டெலில் ரூ.349. ஒரு நாளுக்கு ஜியோ சுமார் ரூ.10.70, ஏர்டெல் ரூ.12.50. ஆனால் ஜியோவில் அளவில்லா 5ஜி வேண்டுமென்றால் தினம் 2 ஜிபி திட்டத்துக்கு ஏற வேண்டும், அது ரூ.349. ஏர்டெலில் அதே அளவு ரூ.379, ஆனால் அது ஒரு முழு மாதத்துக்கு. வகுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 5ஜி பயன்படுத்துகிறவருக்கு ஜியோ மலிவு என்ற பேச்சு இந்த இடத்தில் கரைந்துவிடுகிறது.

வருடத் திட்டத்தில் ஜியோவும் ஏர்டெலும் ஒரே ரூ.3,599. ஜியோ தினம் 2.5 ஜிபி, ஏர்டெல் 2 ஜிபி. வி ரூ.3,499-க்கு 1.5 ஜிபி தருகிறது. மிச்சமானதை வார இறுதிக்குத் தள்ளிவைத்துப் பயன்படுத்தும் வசதி அதன் தனிச் சிறப்பு. வார நாட்களில் அலுவலக வைஃபையில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கிறவருக்கு அது உண்மையிலேயே உதவும். பி.எஸ்.என்.எல் ரூ.2,399-க்கு தினம் 2 ஜிபி. 2024 ஜூலையில் மற்றவர்கள் விலையை ஏற்றியபோது இது ஏற்றவில்லை. அந்த ஒரு மாதத்தில் மட்டும் சுமார் 29 லட்சம் பேர் அதில் கூடினார்கள். ஆனால் பி.எஸ்.என்.எல்லுக்கு ஒரு பழக்கம் உண்டு: விலையைத் தொடாமல் வேலிடிட்டி நாட்களைக் குறைக்கும். அங்கே விலையை விட நாளைத்தான் கவனிக்க வேண்டும்.

டேட்டாவே வேண்டாம், பேசினால் போதும் என்பவர்களுக்கு 2025 ஜனவரியில் டிராய் புண்ணியத்தில் தனித் திட்டங்கள் வந்தன. ஜியோவில் 84 நாளுக்கு ரூ.448, ஏர்டெலில் ரூ.469. வருடத் திட்டம் ஜியோவில் ரூ.1,748, ஆனால் அது 336 நாள்தான். ஏர்டெலில் ரூ.1,849, முழு 365 நாள். வகுத்தால் ஏர்டெல் கொஞ்சம் மலிவாகவே வருகிறது. பெற்றோர் போனுக்கு இதைப் போட்டுவிட்டு வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப் பார்க்கச் சொல்லலாம். மோசடி அழைப்புகளுக்கு ‘ஸ்பேம்’ என்று திரையிலேயே எச்சரிக்கும் வசதியை ஏர்டெல் 2024 செப்டம்பரில் கொண்டுவந்தது. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு நான் ஏர்டெலைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, எதை எடுப்பது?

நகரத்தில், புது 5ஜி போனோடு, நிறைய டேட்டா செலவழிக்கிறவர் என்றால் ஜியோவா ஏர்டெலா என்பதை உங்கள் படுக்கையறைதான் தீர்மானிக்க வேண்டும். விலையில் பேச ஒன்றுமில்லை. பழைய போன், பட்டன் போன், வெளிநாட்டு போன் என்றால் ஏர்டெல் பக்கம் சாயலாம். வி ஏற்கெனவே நன்றாக எடுக்கிற வீட்டில் அதை மாற்ற அவசரமில்லை, ஆனால் புதிதாகப் போவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. பி.எஸ்.என்.எல்லை ஒரே சிம்மாக வைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இரண்டாவது சிம்மாக, அதுவும் மலைப்பக்கம் அடிக்கடி போகிறவருக்கு, அதை விட மலிவான காப்பு கிடையாது.

முடிவெடுத்த உடனே போர்ட், அதாவது அதே எண்ணோடு கம்பெனி மாற்றம், கேட்டுவிட வேண்டாம். ஒருமுறை மாறினால் 90 நாள் அங்கேயே இருந்தாக வேண்டும். புது போனில் இரண்டு சிம் போட இடம் இருக்கும். போகப்போகிற கம்பெனியில் ஒரு புது எண் வாங்கி, ஒரு சின்ன ரீசார்ஜில் இரண்டாவது இடத்தில் போட்டு ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் பழைய எண்ணை மாற்றலாம். போர்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடம் விட்டு, எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். அது நாலு நாள்தான் செல்லும். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறுவதென்றால் மூன்று வேலை நாளில் முடிந்துவிடும். பிரீபெய்டில் மிச்சமிருக்கும் வேலிடிட்டியும் பணமும் கூட வராது என்பதால், பழைய ரீசார்ஜ் முடியும் வாரத்தில் கேட்பது லாபம்.

தொலைந்த சிம்முக்கு மாற்று சிம் வாங்கியவர்கள் ஏழு நாள் பொறுக்க வேண்டும். 2024 ஜூலை முதல் அதற்குள் கேட்டால் குறியீடு தரமாட்டார்கள். மாற்று சிம் போட்டதும் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தியும் நிறுத்தப்படும், ஓடிபி வராது. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம் கட்டும் தேதியில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். ஜிபே, போன்பே எல்லாமே புது போனில் மறுபடி பதிவு செய்ய அந்த எண்ணிலிருந்து குறுஞ்செய்தி போகவேண்டும். அதற்குக் குறுஞ்செய்தி அனுப்ப வழி இருக்கிற திட்டமா என்றும் பாருங்கள், சில சின்ன ரீசார்ஜ்களில் அது இருக்காது. வங்கி ஆப்களும் வாட்ஸ்அப் அரட்டைகளும் புது போனில் சரியாகத் திறக்கும்வரை பழைய போனை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்காதீர்கள்.